நுணுக்குக்காட்டியும் மந்திரி நாற்காலியும்

ஒரு விஞ்ஞானியின் வாழ்வை மதிப்பிடும்போது நம்மிடையே இரு வழக்கங்கள் உள. அவர் பெற்ற பட்டங்களையும் வகித்த பதவிகளையும் வரிசைப்படுத்தி மாலை சூட்டி வழிபடுவது ஒன்று. அவர் சார்ந்த கட்சி நமக்கு உவப்பானதா அன்றா என்று பார்த்து, அவருடைய விஞ்ஞானத்தையும் சேர்த்தே போற்றுவது அல்லது தூற்றுவது மற்றொன்று. இவை இரண்டும் விமர்சனம் ஆகா. ஒருவர் தம் துறையிற் கற்ற உண்மைகாணும் முறையைச் சமுதாய வாழ்விலும் கடைப்பிடித்தாரா, கண்ட உண்மையை யாரிடம் ஒப்படைத்தார், அதனால் யாருக்குப் பயன் விளைந்தது என்ற வினாக்களை எழுப்பி விடைகாண முயல்வதே விமர்சனத்தின் கடமை என்பது நம் கருத்து.

இந்த அளவுகோலைக் கொண்டு நாம் இங்கே பேராசிரியர் திஸ்ஸ விதாரணவின் பொதுவாழ்வை ஆராய முற்படுகிறோம். அவர் வைரஸ் ஆய்வாளர். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் பணிப்பாளராக விளங்கியவர். அவரே லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவராக இருந்தவர், கலாநிதி என். எம். பெரேராவின் மருமகன் முறையானவர். உள்நாட்டுப் போர் உச்சநிலை எய்திய ஆண்டுகளில் விஞ்ஞான தொழில்நுட்ப மந்திரியாக இருந்தவரும், இனப்பிரச்சினைக்குத் தீர்வு காண அமைக்கப்பட்ட சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழுவின் தலைவராக இருந்தவரும் அவரே. போரினாற் சிதைந்த ஒரு நாட்டில், இரத்தத்தில் நோயின் தடயத்தைத் தேடப் பயின்ற ஒருவரிடம் அரசியலின் நோயைக் கண்டறியும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் என்ன கண்டார்? கண்டதை என்ன செய்தார்? இடதுசாரி எண்ணம் படைத்த தமிழ் வாசகருக்கு இவை புறக்கணிக்கத்தக்க வினாக்கள் அல்ல.

நோயும் இனப்பகையும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதைப் புறக்கோட்டை வாசிக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1914இற் கொழும்பில் பிளேக் நோய் தோன்றியபோது செட்டியார் தெருவும் அதனைச் சூழ்ந்த அரிசிக் கிட்டங்கிகளும் அச்சத்தின் இருப்பிடமாயின. அரிசி மூட்டைகளோடு எலியும், எலியோடு தெள்ளும், தெள்ளோடு நோயும் வந்தன. மறு ஆண்டிலேயே, 1915இல், முஸ்லிம் வணிகரின் கடைகள் கொள்ளையிடப்பட்ட கலவரம் மூண்டது. பிளேக்கே கலவரத்துக்குக் காரணம் என்று நாம் கூறவரவில்லை. ஆனால் கப்பலில் வந்த மூட்டையையும் கப்பலில் வந்த மனிதனையும் ஒரே சந்தேகக் கண்ணோடு நோக்கும் பழக்கம் இந்நகரத்திற்குப் புதியதன்று. தோட்டத்துக்கு ஆள் எடுத்த துரைமார், மண்டபம் முகாமில் நம் உழைப்பாளரைத் தடுத்துவைத்து, உடம்பெல்லாம் சோதித்து, அதன் பின்னரே இலங்கைக்கு அனுப்பினர். நோய்த் தடுப்பு அவசியமானதே. ஆனால் முதல் வகுப்புப் பயணிக்கு ஒரு விதியும் கூலிக்கு மற்றொரு விதியும் என்றிருந்ததை விஞ்ஞானம் கட்டளையிடவில்லை, வர்க்கம் கட்டளையிட்டது.

இலங்கையின் இடதுசாரி இயக்கமும் ஒரு கொள்ளை நோயின் நடுவிலேயே உருப்பெற்றது என்பது சிந்தனைக்குரிய வரலாற்றுச் செய்தியாகும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா கேகாலை, குருநாகல் பகுதிகளைச் சூறையாடியது. எண்பதினாயிரம் உயிர்களுக்குக் குறையாமல் மாண்டனர். அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமந்தோறும் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களுள் முன்னின்றோர். பருப்பு வழங்கியமையால் என். எம். பெரேராவுக்குப் ‘பருப்பு மாத்தையா’ என்ற பெயரே நிலைத்தது. கொயினா மருந்து மட்டும் போதாது, பட்டினி கிடக்கும் உடலை மலேரியா எளிதில் வெல்லும், ஆகவே நோயின் வேர் வறுமையில் இருக்கிறது என்ற அறிவை அவ்விளைஞர் நூல்களிலிருந்து மட்டுமன்றிக் குடிசைகளிலிருந்தும் பெற்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. விதாரண இந்த மரபின் வாரிசு. மருத்துவமும் அரசியலும் அவர் வாழ்வில் ஒன்றாக இணைந்தது தற்செயலன்று.

அவருடைய விஞ்ஞானப் பணியை முதலில் நோக்குவோம். வைரஸ் ஆய்வாளனின் தொழில் பிறர் எண்ணுவதுபோற் கவர்ச்சியானதன்று. வைரஸ் சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அகப்படாது. அக்காலத்திற் பெரும்பாலும் அது உடலில் விட்டுச்சென்ற தடயத்தைக் கொண்டே அதனை இனங்காண வேண்டியிருந்தது. காய்ச்சல் தொடங்கியபோது ஒருமுறையும், இரு வாரங்கள் கழித்து மற்றொரு முறையும் நோயாளியின் இரத்தத்தை எடுத்து, எதிர்ப்புப் பொருளின் அளவு எவ்வாறு உயர்ந்தது என்று ஒப்பிட்டுப் பார்ப்பர். முதல் இரத்தம் மட்டும் இருந்தால் முடிவு கூறுதல் அரிது. இரண்டாவது இரத்தத்துக்குப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். ஐயத்தையும் உறுதியையும் பிரித்தறியும் ஒழுக்கம் இத்தொழிலின் உயிர்நாடி.

இலங்கையில் டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சல் முதன்முதலாகப் பெரும் நோயாகப் பரவியது 1989, 1990 ஆம் ஆண்டுகளிலாகும். அவ்வரலாற்றை விதாரண 1997இற் பிறருடன் சேர்ந்து ஒரு சிறு கட்டுரையாக எழுதினார். 1990இல் மருத்துவர்கள் டெங்கு என்று கருதிய நோயாளர் 1,350 பேர். இரத்தப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டோர் 363 பேர். இறந்தோர் 54 பேர். இந்த மூன்று எண்களையும் தனித்தனியே நிறுத்திக் காட்டுவதில் ஒரு நேர்மை உண்டு. அச்சத்தை மிகைப்படுத்த விரும்பியவன் முதல் எண்ணை மட்டும் சொல்லியிருப்பான். அரசின் பொறுப்பைக் குறைத்துக்காட்ட விரும்பியவன் இரண்டாவதை மட்டும் சொல்லியிருப்பான். ஆய்வாளன் மூன்றையும் சொல்கிறான். பின்னர் 2017இல் இதே நோய் ஒரே ஆண்டில் 186,000 பேருக்கு மேற்பட்டோரைத் தாக்கி 440 உயிர்களைப் பறித்தபோது, கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் குப்பை அகற்றப்படாத ஒழுங்கைகளில் வாழ்வோர் அந்த 1990ஐ ஒரு முன்னெச்சரிக்கையாக உணர்ந்திருப்பர். எச்சரித்தவன் தன் கடமையைச் செய்தான். எச்சரிக்கப்பட்ட நகரம் செய்யவில்லை.

போர்க்காலத்திலே மருத்துவ விஞ்ஞானம் எத்தகைய பெருமையை எய்த முடியும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுண்டு. 1990இன் பின் வடக்கே பொருளாதாரத் தடை நிலவியது. எரிபொருளும் மின்கலமும் சவர்க்காரமும்கூடத் தடைப்பட்ட அந்நாட்களில், 1995 முதல் இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்து வழங்குவதற்காக அரசும் விடுதலைப் புலிகளும் துப்பாக்கிகளைக் கீழே வைத்த நாட்கள் இருந்தன. ‘அமைதி நாட்கள்’ என்று அவற்றைக் கூறுவர். இருபுறத்துக் குழந்தைகளின் வாயிலும் ஒரே மருந்துத் துளி விழுந்தது. 1993இன் பின் இந்நாட்டில் இளம்பிள்ளை வாதம் தோன்றவில்லை. இது எந்த ஒரு பெரிய மனிதரின் சாதனையும் அன்று. பனிப்பெட்டியைத் தோளிற் சுமந்து சோதனைச் சாவடிகளைக் கடந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும், குடும்பநல உத்தியோகத்தர்களும், கொழும்பு ஆய்வுகூடத்தில் மாதிரிகளைச் சோதித்தோரும் சேர்ந்து நிகழ்த்தியது. மக்களுக்குப் பயன் தெளிவாகத் தெரிந்தால், பகைவர்களும் அதற்கு வழிவிட நிர்ப்பந்திக்கப்படுவர் என்ற அரசியற் பாடம் இதனுள் அடங்கியிருக்கிறது. இப்பாடத்தை நாம் மறவாதிருப்போமாக. பின்னால் இது தேவைப்படும்.

இனி, விதாரண ஏற்ற மற்ற மரபுரிமையை நோக்குவோம். 1948இல் மலையக மக்களின் பிரசாவுரிமை பறிக்கப்பட்டபோது சமசமாஜக் கட்சி எதிர்த்து நின்றது. சிங்களம் மட்டும் சட்டத்தின் காலத்திலே, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று கொல்வின் ஆர். டி சில்வா விடுத்த எச்சரிக்கையைத் தமிழ் மக்கள் இன்றும் நினைவுகூர்கின்றனர். ஆனால் 1964இற் கட்சி கூட்டரசாங்கத்துட் புகுந்தது. 1966 ஜனவரி 8இல், தமிழ்மொழிக்குச் சிறு இடமளித்த ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்திலே அதே கட்சி நடைபோட்டது. 1972இல் அதே கொல்வின் கரங்களால் வரையப்பட்ட அரசியலமைப்பு, சிறுபான்மையோருக்கு இருந்த 29 ஆம் பிரிவின் பாதுகாப்பையும் கைவிட்டது. நேர்மையான விமர்சகன் கணக்கின் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். 1987இல் இலங்கை–இந்திய உடன்படிக்கையையும் மாகாணசபைகளையும் தெற்கிலே துணிந்து ஆதரித்தோர் இடதுசாரிகளே. அதற்காக அவர்களுட் பலர் ஜே.வி.பி.யின் துப்பாக்கிக்கு இரையாயினர். சிங்கள மக்களிடையே நின்று அதிகாரப் பரவலாக்கலுக்காக உயிரீந்தவர்களை மறக்கும் தமிழன் நன்றி கொன்றவனாவான்.

இந்த இரு மரபுகளோடும், வீரத்தோடும் சரணாகதியோடும், விதாரண 2004இல் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் சென்றார். மந்திரியாக அவர் ஆற்றிய பணிகளிற் பயனுள்ளவை உண்டு. பிரதேச செயலகப் பிரிவுதோறும் ஒரு நிலையம் அமைத்துச் சிறு தொழிலாளரிடம் தொழில்நுட்பத்தைக் கொண்டுசெல்ல முயன்ற ‘விதாதா’ திட்டம் அவற்றுள் ஒன்று. விஞ்ஞானம் கொழும்பு மேட்டுக்குடியின் சொத்தன்று என்ற எண்ணம் அதிலே தொனித்தது.

ஆயினும் வரலாறு அவரை அளக்கப்போவது அத்திட்டத்தைக் கொண்டன்று. 2006 ஜூலையில் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச சர்வகட்சிப் பிரதிநிதிகள் குழுவையும் அதற்குத் துணையாக ஒரு நிபுணர் குழுவையும் அமைத்தார். நிபுணர்கள் அவ்வாண்டு டிசம்பரிலே ஒருமித்த கருத்தின்றிப் பிளவுபட்ட அறிக்கைகளைக் கொடுத்தனர். பெரும்பான்மையினரின் அறிக்கை விரிந்த அதிகாரப் பகிர்வை வேண்டியது. 2007 ஜனவரியில் விதாரண தம் தொகுப்பு யோசனைகளை முன்வைத்தார். மாகாணமே அதிகாரப் பகிர்வின் அலகாக இருக்கவேண்டும் என்ற திசையில் அவை சென்றன. அவ்வாண்டு மே மாதத்தில் ஆளும் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியோ மாவட்டமே அலகு என்று தன் யோசனையை வெளியிட்டது. குழுவின் தலைவரை நியமித்த கட்சியே அவருடைய முயற்சியின் அடித்தளத்தை அரித்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு குழுவில் இடம்பெறவேயில்லை. நோயாளியின் இரத்தம் எடுக்கப்படாமலே நோய் ஆராயப்பட்டது.

2007 ஜூன் 7 ஆம் நாளை நினைத்துப் பார்ப்போம். அன்று விடியுமுன் புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களில் லொட்ஜுகளிலே தங்கியிருந்த முந்நூறுக்கு மேற்பட்ட தமிழர் பொலிசாரால் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியா நோக்கிக் கொண்டுசெல்லப்பட்டனர். வைத்தியத்துக்கு வந்தோர், வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்தோர், உத்தியோகம் தேடி வந்தோர் எனப் பலதிறத்தாரும் அவர்களுள் இருந்தனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. பிரதம மந்திரி வருத்தம் தெரிவித்தார். சர்வகட்சிக் குழு கொழும்பிலே கூடிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை தமிழனுக்கு அளிக்கவேண்டிய உரிமையின் சொற்களைத் தேடியது. மற்றொரு கை அவனை அறையிலிருந்து இழுத்துச் சென்றது. எந்தக் கை மெய்யானது என்பதை லொட்ஜில் தங்கியிருந்தவன் அறிவான்.

2008 ஜனவரி 16இற் போர்நிறுத்த உடன்படிக்கை முடிவுற்றது. சரியாக ஒரு வாரத்தின் பின், ஜனவரி 23இல், குழு தன் இடைக்கால அறிக்கையைச் சமர்ப்பித்தது. இவ்வறிக்கையை நாம் ஓர் இலக்கியப் பிரதியாக வாசித்துப் பார்த்தல் தகும். 1997இல் எழுதிய டெங்குக் கட்டுரையை ஒரு கையிலும் இதனை மறு கையிலும் வைத்துப் படித்தால், இரண்டிலும் ஒரே மனிதரின் உழைப்பு உண்டென்று நம்புவது கடினம். முன்னதில் எண்ணும் காரணமும் முடிவும் உள்ளன. பின்னதோ, ஏற்கெனவே சட்டமாயிருப்பதை நிறைவேற்றுக என்று வேண்டுகிறது. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துக, தமிழ் அரசகரும மொழி என்ற விதியைச் செயற்படுத்துக என்பனவே அதன் சாரம். இருபது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்ததைச் செய்யுமாறு கேட்பதற்கு ஒன்றரை ஆண்டு ஆலோசனை! போதாக்குறைக்கு, இது இனிவரும் யோசனைகளுக்கு முன்னோடி மட்டுமே என்ற குறிப்பும் உண்டு. முன்னுரை எழுதி முடியுமுன் போர் தன் முடிவுரையை எழுதத் தொடங்கிவிட்டது.

குழு மொத்தம் நூறு தடவைகளுக்கு மேற் கூடியது. பிரதான எதிர்க்கட்சியும் ஜே.வி.பி.யும் இடைவழியில் விலகின. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. அதற்குள் வன்னியில் நிகழ்ந்தவற்றை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. குழுவின் இறுதி அறிக்கை ஜனாதிபதியிடம் சென்றது. அரசாங்கம் அதனை நாட்டுக்கு வெளியிடவில்லை. 2010 ஜூலையில் அக்குழுவில் அமர்ந்திருந்த யோகராஜனும் நிஸாம் காரியப்பரும் அதனைப் பொதுமக்கள்முன் வைத்தனர். படித்துப் பார்த்தால் அது பயனற்ற ஏடன்று. மாகாணத்தை அலகாகக் கொள்ளல், மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான அதிகாரப் பட்டியலை ஒழித்தல், இரண்டாவது சபை அமைத்தல் ஆகிய யோசனைகள் அதில் உண்டு. பல கட்சியினர் மாதக்கணக்கில் வாதிட்டுக் கண்ட உடன்பாடு அது. விதாரணவின் பொறுமையின்றேல் இவ்வளவும் ஓர் ஏட்டிற் சேர்ந்திரா என்பதை நாம் மனமார ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் இங்கேதான் நம் குற்றச்சாட்டும் தொடங்குகிறது. ஓர் ஆய்வுகூடத்தின் முடிவு யாருக்கு உரியது? நோயாளிக்கு உரியது. நோய் தொற்றக்கூடியதாயின் ஊருக்கே உரியது. நிலையத்தின் தலைவர் அதனைப் பூட்டிவைக்கச் சொன்னார் என்பதற்காக டெங்குப் பரிசோதனையின் முடிவை மறைக்கும் வைரஸ் ஆய்வாளனை நாம் என்னென்று கூறுவோம்? நாட்டின் தலையாய நோயைப் பற்றிய முடிவை விதாரண நியமித்தவரிடமே கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். உறுப்பினர் இருவர் செய்த காரியத்தைத் தலைவர் செய்யவில்லை. அறிக்கை மேசையிலே கிடந்த காலமெல்லாம், தீர்வு ஆலோசனையில் இருக்கிறது என்று உலகுக்குக் கூற அரசாங்கத்துக்கு அக்குழுவின் இருப்பே உதவியது. தாம் விரும்பாமலே ஒரு போரின் திரைச்சீலையாக அவர் பயன்பட்டார்.

இதற்கு அவர் சார்பிலே கூறப்படும் சமாதானம் நாம் அறியாததன்று. உள்ளே இருப்பவனாற்றான் கொடுமையைச் சிறிதாவது குறைக்க முடியும். வெளியேறிவிட்டால் நாற்காலி பேரினவாதிக்கே போகும் என்பர். இதனை எள்ளி நகையாடுதல் எளிது. எடைபோட்டுப் பார்ப்பதே முறை. எடைபோட்டால் காண்பது என்ன? 2010 செப்டம்பர் 8இல் ஜனாதிபதிக்கு இருந்த இரு பதவிக்கால வரம்பை நீக்கிய பதினெட்டாம் திருத்தம் பாராளுமன்றத்துக்கு வந்தது. 1978 முதல் நிறைவேற்று ஜனாதிபதி முறையை எதிர்த்துவந்த கட்சியின் தலைவர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார். 2013 ஜனவரியிற் பிரதம நீதியரசர் சிராணி பண்டாரநாயக்க மீதான குற்றப் பிரேரணைக்கு அவர் வாக்களிக்கவில்லை. அதனை அவர் மனச்சான்றின் கணக்கில் வரவு வைப்போம். ஆனால் வாக்களியாமை மௌனம். அது எதிர்ப்பு ஆகாது. உள்ளே இருந்து குறைத்த கொடுமை எவ்வளவு என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. உள்ளே இருந்தமையால் அக்கொடுமைக்குக் கிடைத்த இடதுசாரி முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

அப்படியாயின் நாட்டை விட்டு வெளியேறியிருக்க வேண்டுமா? அதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கண்டியிற் பிறந்த மாலிக் பீரிஸ், பேராதனையில் வைரஸ் ஆய்வுகூடம் அமைத்து, 1980களில் அனுராதபுரத்து வயற்புறங்களிற் பரவிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலை ஆராய்ந்தவர். நெல்வயலின் நுளம்பும், வருமானத்துக்கென்று ஊக்குவிக்கப்பட்ட பன்றி வளர்ப்பும் சேர்ந்து அந்நோய்க்கு வழிகோலியதை அறிந்துகொள்ள அத்தகைய ஆய்வுகள் உதவின. நாடு வடக்கிலும் தெற்கிலும் எரிந்துகொண்டிருந்த அத்தசாப்தத்தின் இறுதியில் அவர் இங்கிலாந்து சென்றார். 1995 முதல் ஹொங்கொங்கிற் பணிபுரிந்தார். 2003இல் சார்ஸ் நோயின் வைரஸை இனங்கண்டு உலகப் புகழ் எய்தினார். சென்றவரை நாம் பழிக்கமாட்டோம். ஓர் அறிஞனைத் தக்கவைத்துக்கொள்ள முடியாத நாடு தன்னையே பழித்துக்கொள்ள வேண்டும். எனினும் தங்கியதும் அரசியலில் இறங்கியதும் விதாரணவின் சிறுமை அல்ல, பெருமையே என்பதையும் இதனோடு சேர்த்துக் கூறுவோம். நம் வினா அவர் ஏன் இறங்கினார் என்பதன்று. இறங்கியவர் யாரோடு நின்றார் என்பதே.

தங்கியவரும் சென்றவரும் 2020இல் ஒரே உண்மையின் முன் வந்து நின்றனர். கோவிட் நோயால் இறந்த அனைவரின் உடல்களையும் எரித்தே ஆகவேண்டும் என்று அவ்வாண்டு ஏப்ரலில் வர்த்தமானி வெளியாயிற்று. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரிற் கலக்கும் என்பது கூறப்பட்ட காரணம். புதைக்கலாம், எரிக்கலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலும் டிசம்பரில் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்தின் வேலியிலே மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டிச் சென்றனர். புறக்கோட்டையில் மூட்டை சுமந்த நாட்டாமைத் தொழிலாளி அக்காலத்தில் நோய்க்கு மட்டும் அஞ்சவில்லை. இறந்தபின் தன் உடலுக்கு நேரப்போவதற்கும் அஞ்சினான். நிலத்தடி நீரால் நோய் பரவும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று மாலிக் பீரிஸ் வெளிப்படையாகக் கூறினார். ஆளுங்கட்சி வரிசையில் மீண்டும் அமர்ந்திருந்த விதாரணவும், வைரஸ் உயிருள்ள கலத்திலேதான் பெருகும், இறந்த உடலைப் புதைப்பதால் ஆபத்தில்லை என்ற கருத்தையே தெரிவித்தார். எண்பது வயதைத் தாண்டிய அந்த ஆய்வாளர் அப்போது தம் துறையின் உண்மையைச் சொன்னார். அதற்காக அவரை நாம் வாழ்த்துகிறோம்.

ஆயினும் அவருடைய அரசாங்கம் அவருக்குச் செவிசாய்க்கவில்லை. மருத்துவச் சங்கங்கள் கூறியும், வேறொரு நிபுணர் குழு புதைக்க இடமளிக்கலாம் என்று பரிந்துரைத்தும் மாதங்கள் கடந்தன. 2021 பெப்ரவரி இறுதியில், பாகிஸ்தான் பிரதமர் வந்து சென்ற மறுநாட்களிலேதான், வர்த்தமானி மாறியது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. எங்கிருந்து இறந்தாலும் அங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2024 ஜூலையில், கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர மந்திரிசபை தீர்மானித்தது. விஞ்ஞானம் பிழையாயிருந்து பின்னர் திருந்தியது என்பதன்று இக்கதை. விஞ்ஞானம் முதல் நாளிலேயே சரியாக இருந்தது. இனவாதம் விஞ்ஞானத்தின் வெள்ளை அங்கியை இரவல் வாங்கி அணிந்திருந்தது. அதிகாரத்தின் பக்கத்திலே அமர்ந்து உண்மை பேசிய விஞ்ஞானியின் குரல் ஒரு வெளிநாட்டு விருந்தாளியின் வருகை அளவுக்கும் எடை பெறவில்லை.

இப்பொழுது நாம் முன்னர் குறித்துவைத்த பாடத்துக்குத் திரும்பலாம். இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்துக்காகத் துப்பாக்கிகள் மௌனித்தன. சர்வகட்சிக் குழுவின் யோசனைக்காக ஒரு துப்பாக்கியும் மௌனிக்கவில்லை. ஏன்? மருந்துத் துளியின் பயன் ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருந்தது. அவளை எதிர்க்க எத்தளபதியும் துணியவில்லை. குழுவின் யோசனைகளோ மக்களைச் சென்றடையவேயில்லை. மாத்தறை விவசாயிக்கு அதிகாரப் பகிர்வால் அவனுக்கும் நன்மை உண்டென்று யார் சென்று சொன்னார்? சூரியமல் காலத்து இளைஞர் கேகாலைக் குடிசைகளுக்கு நடந்து சென்றதுபோல, இந்த யோசனைகளைச் சுமந்துகொண்டு எந்தக் கட்சித் தொண்டன் தெற்கின் கிராமங்களுக்கு நடந்தான்? 1935இன் சமசமாஜியிடம் மந்திரிப் பதவி இல்லை, மக்கள் இருந்தனர். 2008இன் சமசமாஜியிடம் மந்திரிப் பதவி இருந்தது, மக்கள் இல்லை. விதாரணவின் தோல்வியின் மூலகாரணம் தனிமனிதப் பலவீனமன்று. மக்களைத் திரட்டும் வழியைக் கைவிட்டு, ஆள்வோனின் காதில் நல்லதை ஓதித் திருத்திவிடலாம் என்று 1964 முதல் ஓர் இயக்கம் வளர்த்துக்கொண்ட மயக்கமே அதன் மூலம்.

ஆகவே நம் தீர்ப்பு இது: ஆய்வாளராக விதாரண நேர்மையாளர், அவர் கண்ட முடிவுகள் பெரும்பாலும் சரியானவை. அரசியல்வாதியாக அவர் தம் ஆய்வொழுக்கத்துக்கே துரோகம் செய்தார். முடிவை உரியவரிடம் சேர்ப்பிக்கவில்லை. உண்மையைக் கண்டறிதல் விஞ்ஞானியின் பாதிக் கடமை. அதனை யாருடைய கையிற் கொடுப்பது என்று தெரிந்திருத்தல் மற்றப் பாதி.

இதனைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. அந்த இறுதி அறிக்கை இன்னும் ஓர் ஏடாகவே கிடக்கிறது. அதன் குறைகளும் நிறைகளும் வகுப்பறைகளிலும் வாசிகசாலைகளிலும் தமிழிலும் சிங்களத்திலும் விவாதிக்கப்படல் வேண்டும். உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர், வைரஸ் எங்கே பெருகும், எங்கே பெருகாது என்று விளக்கும் பாடத்தோடு, 2020இல் அந்த எளிய பாடத்தை ஓர் அரசாங்கம் எவ்வாறு மறுத்தது என்பதையும் மாணவருக்குக் கூறட்டும். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும் உண்மை மந்திரிசபைக்கு விளங்காமற் போனதற்குக் காரணம் அறியாமையன்று என்பதை அம்மாணவன் தானே கண்டுகொள்வான். அவ்வாறு கண்டுகொண்ட மாணவர் கூட்டம் சிங்களத்திலும் தமிழிலும் பெருகும் நாளிலேதான் அடுத்த அறிக்கையை எவராலும் பூட்டிவைக்க இயலாது போகும்.